இன்னும் முப்பது குதிரைகள்

குதிரை வைத்தியம் பார்ப்பவள் நான்.
ஹம்மர்டாலிலிருந்து ஸ்ட்ரோம்சுண்ட் வரை
லாயம் லாயமாகப் போகிறவள்.
பழைய சாப் வேகன், டர்போ எஞ்சின்.
மடித்துப்போட்ட பின்சீட்டின் மேல்
எக்ஸ்ரே பெட்டி, கயிறு, இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

காகிதத்தில் நூற்று எண்பத்தைந்து குதிரைகள்.
நாற்பத்தைந்தாம் எண் சாலையின் ஏற்றத்தில்
மரலாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
பாதிக் குதிரைகள் படுத்துவிடும்.

பிப்ரவரியில் ஓர் இரவு
குடல் முறுக்கிய பெண்குதிரை ஒன்றிடம்
பதினோரு நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன்.
லாரி கிளப்பிய பனித்தூளில்
மூன்று முறை வெளியே எட்டிப் பார்த்து
மூன்று முறையும் உள்ளே ஒதுங்கியிருந்தேன்.
அதனால்தான் என்று சொல்ல மாட்டேன்.
சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

முதல் கடை ஓஸ்டர்சுண்டில்.
கண்ணாடிச் சுவர், காபி மெஷின்,
ரஸ்மஸ் என்றொரு பையன். நகங்கள் அத்தனை சுத்தம்.
"முந்நூறு. மத்தியானத்துக்குள் ரெடி" என்றான்.
பானெட்டைத் திறக்கவே இல்லை.
வாயைப் பிளந்து பாராமல்
குதிரைக்கு விலை சொல்கிறவர்களைச்
சந்தையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கடைக்குக் கடையே கிடையாது.
பணம் அனுப்பினால் தபாலில் ஒரு டப்பா வரும்,
சொருகினால் போதும்.
தானமாய் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது, சரி.
எட்டாயிரம் க்ரோனா கொடுத்து வாங்குவதை?

மூன்றாவது
மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்.
பெயர்ப் பலகை இல்லை,
ஓயாமல் குரைக்கும் நாய்தான் அடையாளம்.
தோவே மோர்டென்சன், முப்பது தாண்டியிருக்கும்.
மேஜையில் பேனாக்கள் நிற்பது
கவிழ்த்துவைத்த ஒரு பிஸ்டனுக்குள்.
உச்சியில் உருகிய ஓட்டை;
நான் போட்ட பென்சில் அதன் வழியே நழுவியது.
"யாருடையது?"
"என் தம்பியுடையது. மேப் நான் போட்டது.
இன்னும் என்னோடு பேசுவதில்லை."

சாவியைக் கொடுத்தேன்.

உருளைகள் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள்:
நூற்று அறுபத்தொன்று.
"இருபத்துநாலு குதிரை கட்டறுத்து ஓடியிருக்கு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியை நீட்டினாள்,
கரிப் பிசுக்கு பாதி வாயை அடைத்திருந்தது.
இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு முந்நூறு கேட்டிருந்தால்
குதிரை கீழே தள்ளியதோடு
குழியும் பறித்திருக்கும்.

டர்போவிலிருந்து போகும் ஹோஸில்
சோப்புத் தண்ணீர் அடித்துக் காத்திருந்தோம்.
ஒரு குமிழி.
அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று.
புது ஹோஸ், நாலு பிளக், எண்ணெய்:
நூற்று எண்பத்துநாலு.
"இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்றாள்,
காசு வேண்டாதவள் போல.

நான்தான் விடவில்லை.
இன்னும் முப்பது, என்றேன்.
கிளட்சைப் பற்றிச் சொன்னாள், கியர்பாக்ஸின் வயதைச் சொன்னாள்.
சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்துவைத்து
விரலுக்குத் தகுந்த வீக்கமாக
ஏறுகிற கோட்டை உச்சியில்
சீவித் தட்டையாக்கினாள்.
இருநூற்றுப் பதினான்கு.
ரசீதில் ட்யூனிங் ஒரே வரி,
கழுவியதும் துடைத்ததும் ஒன்பது வரி.

ஏப்ரலில் அதே ஏற்றம்.
போனி குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுத் திரும்புகிறேன்,
யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.
முன்னால் மரலாரி.
மிதித்தேன். ஒரு மூச்சு யோசித்து,
பிறகு எல்லாம் எழுந்து நின்றன.
கண்ணாடியில் லாரி சுருங்கியது.
தனியாக, சத்தமாக,
ஏதோ கெட்ட வார்த்தை சொன்னேன்.

வளைவு தாண்டியதும் கலைமான்கள்,
நாற்பதோ ஐம்பதோ,
தார்ச்சாலையில் உப்பை நக்கிக்கொண்டு.
இருநூற்றுப் பதினான்கையும் நிறுத்தி
எஞ்சினை அணைத்தேன்.
லாரி வந்து என் பின்னால் நின்றது.
ஓட்டுநர் ஃபிளாஸ்க்கைத் திறந்து
மூடியில் காபி ஊற்றி
கண்ணாடி வழியே என்னை நோக்கி
உயர்த்திக் காட்டினான்.